அப்பாட பேரில இருக்கிற காணியை மாத்தப் போறீங்களா? திருகோணமலையில ஒண்டரை வருசம் அலைஞ்சவன் சொல்றன்

அப்பா செத்து முப்பத்தோராம் நாள் செலவு முடிஞ்ச கையோட பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வளவு உறுதி எங்க கிடக்கு?" எண்டுதான். எனக்கு அந்த நேரம் கோபம்தான் வந்தது. இப்ப யோசிச்சா அந்த ஆள் கேட்டதுதான் சரி. அதுக்குப் பிறகு ஒண்டரை வருசமா பிரதேச செயலகம், காணிப் பதிவகம், கோட்டு, நொத்தாரிசு கந்தோர் எண்டு நான் அலைஞ்ச அலைச்சல்ல பாதி தேவையில்லாத அலைச்சல், ஆரும் முன்னுக்கே சொல்லித்தந்திருந்தா மிச்சம் பிடிச்சிருக்கலாம். அதால, எங்கட ஊரில தாய் தகப்பன் செத்து காணியை பிள்ளைகளிட பேருக்கு மாத்தோணும் எண்டு நிக்கிற ஆக்களுக்காக இதை எழுதுறன். நான் சட்டத்தரணி இல்ல. வரிசையில நிண்ட ஆள், அவ்வளவுதான்.

எங்களுக்கு ரெண்டு காணி இருந்தது. ஒண்டு உப்புவெளிப் பக்கம் நாங்க இருக்கிற வீட்டு வளவு, அப்பா காசு குடுத்து வாங்கின உறுதிக் காணி. மற்றது தம்பலகாமத்தில வயல், அம்மப்பாட பேரில பேமிட். ரெண்டையும் ஒரே மாதிரி மாத்தலாம் எண்டு நினைச்சதுதான் நான் விட்ட முதல் பிழை.

1. கையில இருக்கிறது என்ன கடதாசி எண்டு பாருங்க

எந்தக் கந்தோருக்கும் போக முதல் பெட்டியைத் திறந்து கடதாசியை வெளிச்சத்தில வச்சு வாசியுங்க. நொத்தாரிசு எழுதி, இலக்கம் போட்டு, ரெண்டு சாட்சி கையெழுத்து வச்சிருந்தா அது உறுதி. அரசாங்கம் குடுத்த அனுமதிப்பத்திரம், அதாவது நாங்க பேமிட் எண்டு சொல்றது, அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வாறது, 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கம். ஜனாதிபதி கையெழுத்து வச்ச ஸ்வர்ணபூமி, ஜயபூமி மாதிரிப் பத்திரம் எண்டா அது அளிப்பு. பேமிட்டும் அளிப்பும் பிரதேச செயலகத்து வேலை. உறுதி எண்டா நொத்தாரிசு, காணிப் பதிவகம், தேவைப்பட்டா மாவட்ட நீதிமன்றம். இந்த ரெண்டும் வேற வேற பாதை. நான் பேமிட்டை தூக்கிக்கொண்டு நொத்தாரிசிட்ட போய் மூண்டு கிழமை வீணாக்கினன், அவரும் "பாப்பம், வச்சிட்டுப் போங்க" எண்டு வாங்கி வச்சாரே தவிர இது என்ர வேலை இல்ல எண்டு சொல்லேல்ல.

கடதாசி சுனாமியில போயிட்டு, இடம்பெயர்ந்த நேரம் துலைஞ்சிட்டு எண்டு சொல்ற ஆக்கள் எங்கட மாவட்டத்தில கனபேர். பயப்பிடாதீங்க. நொத்தாரிசு ஒரு உறுதியை மூண்டு பிரதியா எழுதுவார். மூலம் உங்களுக்கு, ஒண்டு அவரிட கோப்புக் கட்டுக்குள்ள, இன்னொண்டு காணிப் பதிவகத்துக்குப் போகும். மூலம் துலைஞ்சா பொலிசில ஒரு முறைப்பாடு போட்டு அந்த முறைப்பாட்டின்ட பிரதியை எடுத்துக்கொண்டு, காணிப் பதிவகத்தில அத்தாட்சிப்படுத்தின பிரதிக்கு விண்ணப்பியுங்க. உறுதி இலக்கம், எழுதின திகதி, நொத்தாரிசிட பேர், இந்த மூண்டில ரெண்டாவது தெரிஞ்சா வேலை லேசு. பழைய சோலைவரி ரசீது, வங்கியில ஈடு வச்ச கடதாசி, பக்கத்துக் காணிக்காரரிட உறுதி, இதுகளில தேடினா ஏதாவது ஒரு துப்புக் கிடைக்கும்.

2. பேர் ஒத்துப்போகுதோ எண்டு பாருங்க, இதுதான் எல்லாத்திலயும் பெரிய பொறி

இதை ரெண்டு தரம் வாசியுங்க. உறுதியில அப்பாட பேர், அடையாள அட்டையில பேர், விவாகச் சான்றிதழ்ல பேர், எங்கட பிறப்புச் சான்றிதழ்ல தகப்பன்ட பேர், மரணச் சான்றிதழ்ல பேர். அஞ்சையும் ஒரு கடதாசியில வரிசையா எழுதிப் பாத்தன், அஞ்சும் அஞ்சு விதம். ஒண்டில முதலெழுத்து இருக்கு, மற்றதில தகப்பன்ட பேர் முழுசா இருக்கு, ஒண்டில கடைசியில "பிள்ளை" இருக்கு, மற்றதில இல்ல, ஒண்டில ஒற்று விழுந்திருக்கு, மற்றதில விழேல்ல. வீட்டில இருக்கிற எங்களுக்கு இதெல்லாம் ஒரே ஆள். கோட்டுக்கும் காணிப் பதிவகத்துக்கும் அஞ்சு ஆள்.

ஆரும் இப்பதான் இறந்து இன்னும் மரணம் பதியேல்ல எண்டா, பதிய முதல் உறுதியையும் அடையாள அட்டையையும் பாத்து பேரை எழுதிக் குடுங்க. செத்த வீட்டில அழுதுகொண்டு நிக்கிற நேரம் ஆரோ ஒரு மச்சான் போய் வாயால சொல்லிப் பதிஞ்சிட்டு வருவார், அதிலதான் எல்லாம் தொடங்கிறது. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். அந்த ஒரு எழுத்தைத் திருத்த எனக்கு ரெண்டரை மாசம் போனது.

பதிஞ்சிட்டா என்ன செய்யலாம்? சின்ன வித்தியாசம் எண்டா "இந்த ரெண்டு பேராலும் அழைக்கப்படுபவர் ஒருவரே" எண்டு ஒரு சத்தியக்கடதாசி, சமாதான நீதவான் முன்னால கையெழுத்து வச்சு, கிராம சேவகர்ட்ட ஒரு உறுதிப்படுத்தல் கடிதம், அதில பிரதேச செயலாளர்ட மேலொப்பம். இது கனக்க இடத்தில எடுபடும். ஆள் மாறிப்போற அளவுக்கு வித்தியாசம் எண்டா சான்றிதழையே திருத்தோணும், அது பிரதேச செயலகத்தில பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில விண்ணப்பிச்சு, பதிவாளர் நாயகம் திணைக்களத்தால வரோணும், ஆறுதலாத்தான் வரும். அதால காணி வேலைக்கு முதல் இதைத் தொடங்கிடுங்க. எல்லாச் சான்றிதழும் ஆளுக்கு நாலு பிரதி எடுத்து வையுங்க, ஒவ்வொரு இடத்திலயும் "மூலப் பிரதி வேணும்" எண்டுதான் கேப்பாங்க, போட்டோக் கொப்பியைக் கண்டா திருப்பி அனுப்புவாங்க.

ஆள் காணாமல் போனவர் எண்டா பாதை வேற. 2010ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ மரணச் சான்றிதழ் எடுக்கலாம், 2016க்குப் பிறகு காணாமற்போனமைக்கான சான்றிதழும் இருக்கு. ரெண்டும் ஒண்டில்ல. இரண்டாவது, ஆள் செத்ததா எடுத்துக்கொள்ளாது, அதை வச்சு வாரிசுரிமை திறக்காது. எதை எடுக்கிறது எண்டது அந்தக் குடும்பம் மனசால எடுக்கிற முடிவு, அதில வேற ஆரும் வாய் வைக்கக்கூடாது.

3. ஆர் ஆருக்கு எவ்வளவு பங்கு

விருப்ப உறுதி, அதான் மரண சாசனம், எழுதாம செத்தா பொதுச் சட்டத்தில, அதாவது 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில, பாதி உயிரோட இருக்கிற மனிசி அல்லது புருசனுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமா. ஆம்பிளை பொம்பிளை வித்தியாசம் இல்ல. "அவளுக்குச் சீதனம் குடுத்தாச்சு, பங்கில்ல" எண்ட கதை இதில செல்லாது. எங்கட வீட்டுக் கணக்கு: அம்மாவுக்குப் பாதி, மூண்டு பிள்ளைகளுக்கும் ஆறில ஒண்டு ஆறில ஒண்டு.

முஸ்லிம் ஆக்களுக்கு 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டத்தால அவங்கட மார்க்கப்படி பங்கு வரும். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம் எண்டா தேசவழமை எண்ட அந்த ஆக்களிட வழமைச் சட்டம் வந்து குறுக்க நிக்கும், முதுசம் (பரம்பரையா வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடினது) எண்டு கணக்கே வேற. எங்கட ஊரில கனபேருக்குத் தாய் ஒரு ஊர், தகப்பன் ஒரு ஊர். அதால பங்கை நீங்களே பிரிச்சு முடிவுகட்டிப் போட்டு பிறகு சட்டத்தரணியிட்ட போகாதீங்க, முதல் நாளே பூர்வீகத்தைச் சொல்லுங்க.

இன்னொண்டு. "தங்கச்சி இருபது வருசமா அந்த வீட்டில இருக்கிறா, பத்து வருசம் தாண்டினா அவவுக்கே சொந்தம்" எண்டு சந்தியில நிண்டு சொல்லுவாங்க. பத்து வருச ஆட்சி எண்டது அந்நியனுக்கு எதிரா. கூட்டுப் பங்காளிகளுக்குள்ள ஒராள் இருந்தா மற்ற ஆக்களுக்காகவும் சேத்துத்தான் இருக்கிறார் எண்டு நீதிமன்றம் பாக்கும், அதை மாத்திக் காட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல.

4. காணிப் பதிவகத்தில தேடுறது

உறுதியின்ட கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ரப்பர் முத்திரை குத்தி, கையால ஒரு எழுத்தும் கட்டு இலக்கமும் பக்க இலக்கமும் எழுதியிருக்கும். எங்கட உறுதியில மை மங்கி "3"ஆ "8"ஆ எண்டு தெரியாம இருந்தது, நான் "8" எண்டு எழுதிக் குடுத்து ஆரோட காணியையோ ஒரு மணித்தியாலம் வாசிச்சுக்கொண்டு இருந்தன். அந்த இலக்கம்தான் ஃபோலியோ. அதைக் குடுத்துத் தேடல் விண்ணப்பம் போட்டா புத்தகத்தைப் பாக்க விடுவாங்க. கட்டணம் பெரிசில்ல. முப்பது வருசம் பின்னுக்குப் போய்ப் பாக்கிறது வழக்கம்.

என்னத்தைப் பாக்கோணும்? ஈடு வச்சது மீட்டிருக்கா, ஆரும் இடையில உறுதி எழுதிப் பதிஞ்சிருக்கா, கோட்டு வழக்குப் பதிவு கிடக்கா. எங்கட அப்பா வீட்டுக் கடனுக்கு ஈடு வச்சு, காசெல்லாம் கட்டி முடிச்சு, ஈட்டை மீட்ட உறுதியைப் பதியாமலே விட்டிருக்கிறார். புத்தகத்தில கடன் இன்னும் கிடக்கு. வங்கியிட்ட போய் மீட்பு எழுதி எடுத்துப் பதிஞ்ச பிறகுதான் நொத்தாரிசு பேனையை எடுத்தார்.

5. கோட்டுக்குப் போகோணுமா, போகத் தேவையில்லையா

சட்டப்படி ஆள் செத்த அந்த நிமிசமே பங்கு வாரிசுகளுக்கு இறங்கிடும். ஆனா செத்தவரிட சொத்தின்ட பெறுமதி சட்டம் சொல்ற எல்லையைத் தாண்டினா, மாவட்ட நீதிமன்றத்தில மரணசாதன வழக்குப் போட்டு நிர்வாகக் கடிதம் (செத்தவரிட சொத்தை நிர்வகிச்சுப் பிரிச்சுக் குடுக்க ஒராளுக்கு நீதிமன்றம் குடுக்கிற அதிகாரம்) எடுக்காம அந்தச் சொத்தைப் பற்றி வழக்குப் பேசவோ கைமாத்தவோ ஏலாது. இந்த எல்லைத் தொகை காலத்துக்குக் காலம் கூட்டப்பட்டு வந்திருக்கு, வழக்குப் போடுற நாளில என்ன தொகையோ அதை சட்டத்தரணியிட்ட கேட்டு எழுதி வையுங்க. கடற்கரைப் பக்கம் இப்ப ஒரு பேர்ச் போற விலைக்கு, உப்புவெளி, நிலாவெளியில ஒரு சின்ன வளவே எல்லையைத் தாண்டும்.

எல்லைக்குக் கீழ எண்டா வாரிசுகள் எல்லாரும் சேந்து உரிமைப் பிரகடன உறுதி எழுதிற வழக்கம் இருக்கு. மலிவு, கெதியா முடியும். ஆனா அந்த உறுதி புதுசா ஒரு உரிமையையும் உண்டாக்காது, இருக்கிறதை எழுதி வைக்கிறது மட்டும்தான். ஒரு சகோதரத்தை விட்டிட்டு எழுதினா பிறகு வாற வழக்குக்கு நீங்களே விதை போட்ட மாதிரி.

வழக்குக்குத் தேவையானது: மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளிடயும் பிறப்புச் சான்றிதழ், உறுதிப் பிரதி, காணி மதிப்பீட்டு அறிக்கை, வங்கிக் கணக்கு விபரம், வாகனம் இருந்தா அதின்ட புத்தகம், மற்ற வாரிசுகளிட சம்மதச் சத்தியக்கடதாசி. சொத்துப் பட்டியல்ல ஒண்டையும் விடாதீங்க. பிறகு ஞாபகம் வந்த ஒரு சேமிப்புப் புத்தகத்துக்காக நாங்க திரும்பவும் ஒரு தவணை போனம். வங்கியில பின்னுரித்தாளர் பேர் எழுதியிருந்தா அந்தக் காசு வழக்கில்லாமலே கிடைக்கும், முதல்ல அதைக் கேளுங்க.

வழக்குப் போட்ட பிறகு பத்திரிகையில அறிவித்தல் வரும், ஆட்சேபனைக்குக் காலம் குடுப்பாங்க, அதுக்கே ரெண்டு மாசம் வையுங்க. பிறகு தவணை, நீதிபதி விடுமுறை, சட்டத்தரணிக்கு வேற கேஸ் எண்டு இழுபடும். எங்களுக்குச் சண்டை சச்சரவு ஒண்டுமில்லாத கேஸ், அதுவே பதினொரு மாசம். கட்டணத்தை முன்னுக்கே கேளுங்க: மொத்தமா எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் தனியாவா, பத்திரிகைச் செலவு ஆர்ட தலையில. நான் ரெண்டு பேரிட்ட கேட்டன், ஒராள் சொன்னதின்ட இரட்டிப்பை மற்றவர் சொன்னார், வேலை ஒரே வேலை. கையில வசதியில்லாத ஆக்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில கேக்கலாம், வருமானத்தைக் காட்டி கிராம சேவகர் கடிதத்தோட போங்க.

6. பேமிட் காணி எண்டா முழுக்க வேற கதை

இதில மேல சொன்ன பாதிப் பங்கு, ஆறில ஒண்டு ஒண்டும் செல்லாது. பேமிட்டுக்கும் அளிப்புக்கும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள்ளயே தனி வாரிசு முறை. புருசன் செத்தா மனிசிக்கு அவ உயிரோட இருக்குமட்டும் அனுபவிக்கலாம். அதுக்குப் பிறகு பின்னுரித்தாளர் எண்டு ஆரை எழுதி வச்சாரோ அவருக்கு. அந்த நியமனம் ஆள் உயிரோட இருக்கிற காலத்திலயே பதியப்பட்டிருக்கோணும், சும்மா ஒரு கடிதத்தில "என்ர கடைசி மகளுக்கு" எண்டு எழுதி வச்சா எடுபடாது.

ஆரையும் எழுதாட்டி சட்டத்தின்ட அட்டவணைப்படி போகும். முந்தி அதில மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதலிடம், 2022ல அந்த ஆண் பெண் பேதத்தைத் திருத்தினாங்க. அம்மப்பா செத்தது 90களில, ஆரையும் எழுதேல்ல, அதால வயல் பெரிய மாமாவுக்கு. முப்பது வருசமா வயல் செய்தது அம்மாட தம்பி. இந்த இடத்தில எங்கட குடும்பத்தில ஒரு வருசம் கதைபேச்சு இல்லாமப் போனது, நல்ல காலம் பெரிய மாமா தானாவே பிரதேச செயலகத்துக்கு வந்து விட்டுக்குடுக்கச் சம்மதிச்சார்.

செய்ய வேண்டியது: பிரதேச செயலகத்தில காணிப் பகுதிக்குப் போய் லெட்ஜரில உங்கட பேமிட் இலக்கத்தைப் பாக்கச் சொல்லுங்க. சில நேரம் லெட்ஜரில ஒரு பேர், பேமிட்டில ஒரு பேர் கிடக்கும். உரித்து வாற ஆள் இறப்புத் தொடங்கி ஆறு மாசத்துக்குள்ள காணியைப் பொறுப்பெடுக்கோணும் எண்டு சட்டத்தில இருக்கு, அதால துக்கம் எண்டு சொல்லி இருந்திடாதீங்க, ஒரு கடிதமாவது எழுதிக் குடுத்துத் திகதி முத்திரை குத்தின பிரதியை வாங்கி வையுங்க. அதுக்குப் பிறகு குடியேற்ற உத்தியோகத்தர் வந்து இடம் பாத்து அறிக்கை எழுதுவார், விசாரணைக்கு எல்லா வாரிசையும் கூப்பிடுவாங்க. விசாரணைக்கு வராத சகோதரத்தாலதான் கோப்பு நிக்கும்.

பேமிட் காணியை வாங்கப் போற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. பிரதேச செயலாளர்ட முன் அனுமதி இல்லாமக் கைமாத்தினா அது சட்டப்படி வெறுங்கடதாசி. நொத்தாரிசு முத்திரை குத்தின சத்தியக்கடதாசியைக் காட்டி "காணி வித்தாச்சு" எண்டு சொல்லுவாங்க. காசு போகும், காணி வராது.

7. வெளிநாட்டில இருக்கிற சகோதரம்

அண்ணா கனடாவில, அந்த நாட்டுப் பிரசாவுரிமை. "வெளிநாட்டுக்காரருக்கு காணி எடுக்க ஏலாதாமே" எண்டு பயந்தார். 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் வாங்கிறதைத்தான் தடுக்குது, தாய் தகப்பனிட சொத்து வாரிசா வாறதைத் தடுக்கேல்ல. அவர் வர ஏலாட்டி அற்றோனித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்து வைக்க இங்க ஒராளுக்கு அதிகாரம் குடுக்கிற கடதாசி, எழுதோணும். அங்க இருக்கிற இலங்கைத் தூதரகத்தில கையெழுத்து வச்சு அத்தாட்சிப்படுத்தி, மூலத்தை இங்க அனுப்பி, இங்க பதிவாளர் நாயகம் திணைக்களத்தில பதியோணும். வாட்ஸ்அப்பில வந்த படத்தை வச்சு ஒண்டும் செய்ய ஏலாது. எழுதிற நேரம் காணியின்ட விபரம், எல்லை, உறுதி இலக்கம், என்ன செய்ய அதிகாரம் குடுக்கிறார் எண்டது சொல்லுச் சொல்லா இருக்கோணும். எங்கட முதல் தத்துவத்தில "விற்க" எண்டு இருந்தது, "நன்கொடையாகக் கொடுக்க" எண்டு இல்ல. திரும்பவும் தூதரகம், திரும்பவும் தபால், ஆறு கிழமை.

8. உறுதி எழுதிற நாளும் காசும்

நிர்வாகக் கடிதம் கையில வந்த பிறகு நிர்வாகி வாரிசுகளிட பேருக்கு உறுதி எழுதிக் குடுப்பார். நாங்க எல்லாரும் பிறகு எங்கட பங்குகளை அம்மாவோட இருக்கிற தங்கச்சிக்கு நன்கொடையா எழுதினம்.

முத்திரை வரி நாங்க கட்டின வீதம் இதுதான். விற்பனை உறுதி எண்டா முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். நன்கொடை எண்டா முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம். 50 லட்சம் பெறுமதியான காணிக்கு விற்பனை எண்டா 1,99,000 ரூபா, நன்கொடை எண்டா 1,00,500 ரூபா. சகோதரத்துக்குள்ள காசு கைமாறாம இருக்கிற நேரம் ஏன் விற்பனை எழுதோணும்? ஆனா நன்கொடையில ஒரு முள் இருக்கு, பிறகு வாங்க வாறவரும் வங்கியும் அதைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோட பாக்கும், அடுத்த வருசம் விக்கிற எண்ணம் இருந்தா முதல்லயே நொத்தாரிசிட்ட சொல்லுங்க. பெறுமதியைக் குறைச்சுப் போட்டு வரியை மிச்சம் பிடிக்கலாம் எண்டு ஒரு தரகர் சொல்லித் தந்தார். மாகாண இறைவரிக் கந்தோர் எங்கட ஊரிலதான் இருக்கு, அவங்களுக்கு உப்புவெளியில காணி விலை தெரியாதா?

கையெழுத்து வைக்கிற நேரம் நொத்தாரிசு, ரெண்டு சாட்சி, எழுதிக் குடுக்கிறவர் எல்லாரும் ஒரே நேரத்தில ஒரே இடத்தில இருக்கோணும், 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. ஒரு கந்தோரில இருந்து எழுத்தர் தம்பி மோட்டச்சைக்கிள்ல வந்து "அம்மாட கையெழுத்தை மட்டும் வாங்கிட்டுப் போறன்" எண்டு வாசல்ல நிண்டார். நாங்க அம்மாவை ஓட்டோவில ஏத்திக்கொண்டு கந்தோருக்கே போனம். சாட்சிக்கு உங்களைத் தெரிஞ்ச, அடையாள அட்டை இருக்கிற, நாளைக்கு ஊரில இருக்கக்கூடிய ஆளைப் பிடியுங்க. கையெழுத்துக்கு முதல் வரைபட இலக்கம், திகதி, எல்லை, பரப்பளவு நாலையும் பழைய உறுதியோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. எங்கட உறுதியில வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் மாறிக் கிடந்தது, அம்மாதான் கண்டுபிடிச்சா.

காணியைத் துண்டு பிரிக்கிறதெண்டா அதுக்கு முதலே அனுமதிப் பத்திரம் உள்ள நில அளவையாளரிட்ட புது வரைபடம், உள்ளூராட்சிச் சபையிட்ட பிரிப்பு அனுமதி.

9. எழுதினாப் போல முடியேல்ல, பதியோணும்

உறுதி பதிஞ்சாத்தான் பாதுகாப்பு. பதியாம வச்சிருக்கிற நேரம் ஆரும் வேற உறுதியை முந்திப் பதிஞ்சா அவருக்கு முன்னுரிமை போயிடும். நொத்தாரிசு பதிவார் எண்டு இருந்திடாதீங்க, காணிப் பதிவகத்து நாட்குறிப்பு இலக்கம் என்ன எண்டு கேட்டு வாங்குங்க. எங்கடது மூண்டு கிழமையில வந்தது.

பிறகு சபையில சோலைவரிப் பேர் மாத்தம், தண்ணி, கரண்ட். இதுக்கெல்லாம் பதிஞ்ச உறுதியின்ட பிரதியும் பழைய நிலுவை இல்லை எண்ட ரசீதும் போதும், ஒரு காலைமையில முடிக்கலாம்.

வெளிநாட்டில இருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு கடைசியா ஒண்டு. ஊரில காணி வெறுமையாக் கிடக்குதெண்டா காணிப் பதிவகத்தில கேவியட் போட்டு வைக்கலாம். உங்கட ஃபோலியோவில ஆரும் உறுதி பதிய வந்தா உங்களுக்கு அறிவித்தல் வரும். அதுக்குக் காலம் இருக்கு, முடிய முதல் புதுப்பிக்கோணும். அதில போடுற விலாசம் தபால் போய்ச்சேர்ற விலாசமா இருக்கட்டும். எங்கட அண்ணா போட்டது அவர் நாலு வருசத்துக்கு முதல் விட்ட வாடகை வீட்டு விலாசம், போன மாசம்தான் மாத்தினம்.